கால் எட்டுதா? உயரம் கம்மியானவங்க மோட்டார் ஓட்டிப் பாக்குறதைப் பத்தி

ஓம் சக்தி.

வெள்ளிக்கிழமை அன்னதானப் பொட்டலங்களோட நாங்க மோட்டார்ல கிளம்புறதைப் பாத்துட்டு நிறைய அக்காமாரும் தங்கச்சிமாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க: "உங்க உயரத்துக்கு எப்படிங்க கால் எட்டுது?" பிரசாத வரிசையில நின்னுகிட்டே பதில் சொல்லி மாளல. அதனால இங்கேயே எழுதிடறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. மோட்டார் வாங்கலாம்னு நினைக்கிற, உயரம் கம்மியான எல்லாருக்கும் உதவும். ஆம்பளைங்களுக்கும் சேத்துத்தான் சொல்றோம். அவங்க வெளியில கேக்க மாட்டாங்க, ஆனா அவங்களுக்கும் இந்தக் கவலை இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்!

நாங்க மூணு பேர். மூணு பேருமே கோயில் சமையல்கட்டுல தொண்டு செய்றவங்க. எங்கள்ல உயரமானவங்க அஞ்சடி ஒரு அங்குலம், குட்டையானவங்க நாலடி பத்து. மூணு பேர்கிட்டயும் பி2 லைசென்ஸ் உண்டு. ஆனா அதுல ரெண்டு பேர் கல்யாணத்துக்கு அப்புறம் மோட்டாரைத் தொட்டதே இல்ல.

இப்ப ஏன் தொட்டோம்னு கேட்டா, அதுக்குக் காரணம் பதினாலு வீடு. கோயிலுக்கு வரமுடியாத வயசானவங்களுக்கு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டு போற சேவை நம்ம கோயில்ல ரொம்ப வருஷமா நடக்குது. பங்சார் மேட்டுல சில வீடு, அப்துல்லா ஹுக்கும் பக்கம் சில வீடு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல சில வீடு. அத்தனையையும் ஒரே ஆளா சுமந்தவர் எழுபதைத் தாண்டின ஒரு அங்கிள். கண்பார்வை குறைஞ்சதும் அவரே சாவியைக் கழட்டி அம்மன் காலடியில வச்சுட்டு, "இனிமே யாராச்சும் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டார்.

கார்ல போகலாமேன்னு கேப்பீங்க. வெள்ளிக்கிழமை மதியம் பங்சார்ல கார் நிறுத்திப் பாத்தவங்களுக்குத் தெரியும். ஆபீஸ் சாப்பாட்டு நேரமும் பள்ளிவாசல் தொழுகை நேரமும் ஒண்ணா சேரும். பதினாலு வீட்டுக்கும் காரை நிறுத்தி நிறுத்திப் போனா கடைசி வீட்டுக்குப் போறப்ப சோறு ஆறிடும். கடைசி வீட்டுல இருக்குற பாட்டி சர்க்கரைக்கு ஊசி போடுறவங்க. சாப்பாடு நேரத்துக்குப் போகலைன்னா அவங்களுக்கு மயக்கம் வந்துடும்.

கூட்டத்துல பேசினப்ப ஒருத்தர் சொன்னார்: "நீங்க பொட்டலம் கட்டிக் குடுங்கம்மா, பசங்க கொண்டு போவாங்க. உங்களுக்குக் கால் எட்டாது." பசங்க நல்ல பசங்கதான். ரெண்டு வாரம் வந்தாங்க. மூணாவது வாரம் ஒருத்தருக்கு ஷிஃப்ட் மாறிப்போச்சு, இன்னொருத்தருக்குப் பரீட்சை. அன்னைக்குப் பாட்டி வீட்டுக்குச் சோறு போய்ச் சேந்தப்ப மணி ரெண்டரை. அதுக்கு அடுத்த நாள் நாங்க மூணு பேரும் மோட்டார் பாக்கக் கிளம்பினோம்.

பல கடை ஏறி இறங்கி நாங்க தெரிஞ்சுகிட்டது ஒண்ணே ஒண்ணுதான். உயரம் கம்மியானவங்க மோட்டாரை ஓட்டிப் பாக்கப் போனா, அது எப்படி ஓடுதுன்னு பாக்குறது ரெண்டாவது. எப்படி நிக்குதுன்னு பாக்குறதுதான் முதல். ஓடுறப்ப மோட்டாருக்கு நம்ம உயரம் தெரியாது. நிக்கிறப்பதான் தெரியும்.

தேர் இழுக்குறதைப் பாத்திருக்கோம் இல்லையா? வடம் பிடிக்க நூறு பேர் வருவாங்க. ஆனா தேரை நிறுத்துறது முட்டுக்கட்டை போடுற சில பேர்தான். சக்கரத்துக்குப் பக்கத்துலேயே குனிஞ்சு நடந்து, சரியான நொடியில கட்டையைச் செருகுவாங்க. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோட 96 அடி உயரம். அதுக்குத் திருச்சி பெல் நிறுவனத்துக்காரங்க ஹைட்ராலிக் பிரேக்கே செஞ்சு குடுத்திருக்காங்க. அவ்வளவு பெரிய தேருக்கே ஓட்டத்தை விட நிறுத்தம்தான் கவலைன்னா, நம்ம மோட்டாருக்கு இருக்காதா?

சரி, விஷயத்துக்கு வர்றோம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலேயே ஒரு அளவு எடுங்க. சுவத்துல முதுகை ஒட்டி வெறுங்கால்ல நில்லுங்க. ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால் நடுவுல மேல வரைக்கும் தூக்கிப் பிடிங்க. தரையிலிருந்து புத்தகத்தோட மேல் விளிம்பு வரைக்கும் அளந்தா அதுதான் உங்க உள்கால் அளவு. எங்கள்ல குட்டையானவங்களுக்கு அது 660 மில்லிமீட்டர். இந்த எண் கையில இருந்தா கடைக்காரர் "எட்டும் எட்டும்"னு சொல்றதை மட்டும் நம்ப வேண்டியதில்ல.

அடுத்து, விளம்பரத் தாள்ல சீட் உயரம்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 சீட் 805 மில்லிமீட்டர். அதே கம்பெனியோட ஹண்டர் 350 சீட் 790, மீட்டியார் 350 சீட் 765. ஹோண்டா ரெபல் 500 சீட் 690தான், எங்களை மாதிரி ஆளுங்களுக்குச் செஞ்ச மாதிரியே இருக்கும். ஆனா எடை 190 கிலோ பக்கம், அதோட 500 சிசிக்கு நம்ம பி2 லைசென்ஸ் செல்லாது. பி2 வெறும் 250 சிசி வரைக்கும்தான். 350க்குக் கூட மேல் லைசென்ஸ் வேணும். அப்படின்னா எதுக்கு அதையெல்லாம் பாக்கப் போனீங்கன்னு கேக்காதீங்க! எங்கள்ல ஒருத்தங்களுக்கு புல்லட்னா உயிரு. மெட்ராஸ் திருவொற்றியூர்ல 1955ல ஆரம்பிச்ச தொழிற்சாலை அது. தியாகராஜர் கோயில் இருக்குற அதே திருவொற்றியூர். "சாமி ஊர் வண்டி"ன்னு சொல்லி எங்களை இழுத்துட்டுப் போயிட்டாங்க. நிறுத்தி வச்ச வண்டியில உக்காந்து பாத்ததோட சரி.

ஆனா அந்த உக்காந்து பாத்ததுலதான் பெரிய பாடம் கிடைச்சுது. சீட் உயரம்ங்கிற எண் பாதிதான் சொல்லுது. மீதி சீட்டோட அகலத்துல இருக்கு. யமாஹா என்மேக்ஸ் ஸ்கூட்டருக்கும் 765னு போட்டிருந்துச்சு, மீட்டியாருக்கும் 765தான். ஆனா ஸ்கூட்டர் சீட் அகலம், கால் வைக்கிற இடமும் அகலம். தொடை ரெண்டு பக்கமும் விரிஞ்சு கால் தரைக்குக் கோணலா இறங்கும். அதனால எட்டுற தூரம் குறைஞ்சுடும். அது வண்டியோட குறை இல்ல. நெடுந்தூரம் போறவங்களுக்கு அந்த அகலம்தான் சொகுசு. எங்க வேலை வேற, அவ்வளவுதான். "குட்டையா இருக்கீங்களா, ஸ்கூட்டர் எடுங்க"ன்னு யாராச்சும் சொன்னா உடனே தலையாட்டாதீங்க. ஏறி உக்காந்து பாத்துட்டு ஆட்டுங்க.

இன்னொண்ணு, நாம உக்காந்ததும் அப்சோர்பர் கொஞ்சம் அமுங்கும், சீட் ரெண்டு மூணு சென்டிமீட்டர் இறங்கும். ஒல்லியா இருக்குறவங்களுக்குக் கம்மியா இறங்கும், எங்களை மாதிரி சாப்பாட்டுப் பிரியர்களுக்குக் கூடவே இறங்கும். அம்மன் கணக்கு சரியாத்தான் இருக்கு.

ரெண்டு பாதமும் தட்டையா தரையில படணும்னு அவசியம் இல்ல. இதைப் பலபேர் நம்ப மாட்டாங்க. நிக்கிறப்ப ஒரு கால் போதும். இடுப்பைச் சீட்டுல இடது பக்கமா கொஞ்சம் நகர்த்தினா இடது பாதம் முழுசாவே தரையில படும். வலது கால் பின் பிரேக் மேல இருக்கணும். கப்சாயிலயும் கியர் வண்டியிலயும் பின் பிரேக் வலது காலுக்குத்தான் இருக்கு. மேட்டுல நிக்கிறப்ப அந்த வலது கால்தான் மோட்டார் பின்னாடி உருளாம பிடிச்சு வைக்கும். ரெண்டு காலையும் ஊனி நுனிக்கால்ல தத்தளிக்கிறதை விட, ஒரு காலை உறுதியா ஊனுறது எவ்வளவோ மேல்.

இடது கால்லதான் ஒரு சூட்சுமம் இருக்கு. மழைத்தண்ணி வடியறதுக்காக ரோட்டோட நடுவை மேடாவும் ஓரத்தைத் தாழ்வாவும் போட்டிருப்பாங்க. நாம இடது பக்கம் போறவங்க, அதனால நம்ம இடது கால் எப்பவும் பள்ளத்துல இறங்கும். கடைக்குள்ள டைல்ஸ் தரையில எட்டின கால், வெளியில ரோட்டு ஓரத்துல எட்டாது. அதனாலதான் கடைக்குள்ள உக்காந்து பாத்தது கணக்குலேயே வராதுன்னு சொல்றோம்.

கிள்ளான் பக்கம் இருக்குறவங்க ஃபெடரல் ஹைவேல மோட்டாருக்குன்னு போட்ட தனி லேன்ல போவாங்க. 1970கள்லேயே போட்டது. அதுல ஏறிட்டா கால் ஊனவே தேவையில்ல, ஓடிகிட்டே இருக்கலாம். நம்ம பங்சார் அப்படியா? பங்சார்ங்கிற பேரே புங்கே, கிரிசார்னு ரெண்டு முதலாளிங்க பேர்ல இருந்த ரப்பர் தோட்டத்துல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. தோட்டம் போயிடுச்சு, மேடு போகல. ஜாலான் மாரோஃப் ஏத்தம், புக்கிட் பண்டாராயா வளைவு, அங்கங்க சிவப்பு விளக்கு. இங்க நின்னு நின்னுதான் போகணும், அதுவும் பாதி நேரம் மேட்டுலதான் நிப்போம்.

அதனால ஓட்டிப் பாக்கணும்னா மேட்டுல ஓட்டிப் பாக்கணும். சொல்றது சுலபம், கடைக்காரர் விடணுமே! கப்சாய் விக்கிற கடைங்கள்ல பெரும்பாலும் ஓட்டிப் பாக்க வண்டி குடுக்க மாட்டாங்க. ஒரு கடையில எங்களை ஏற இறங்கப் பாத்துட்டு, பேசக்கூட இல்லாம ஸ்கூட்டர் பக்கம் கையைக் காட்டினார். இன்னொரு கடையில புருஷனைக் கூட்டிகிட்டு வாங்கன்னு சொன்னாங்க. சிரிச்சுகிட்டே வெளியில வந்துட்டோம்.

கடைசியில ஒரு பழைய மோட்டார் கடை. அங்க இருந்த சீனத் தவுக்கே எங்க உயரம்தான். கதையைக் கேட்டார். பதினாலு வீடு, சோறு, பாட்டி, எல்லாத்தையும் கேட்டுட்டு மலாய்ல சொன்னார்: "இங்க முன்னால ஓட்டாதீங்க ஆண்டி, இது சமதரை, எல்லா வண்டியும் நல்லாத்தான் இருக்கும். பின்னால சந்துல மேடு இருக்கு, அங்க போய் நிறுத்திப் பாருங்க." கீழ விழுந்தா யார் செலவுன்னு முன்னாடியே பேசி, தாள்ல எழுதி, படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டோம். நீங்களும் அதைப் பேசாம சாவியை வாங்காதீங்க.

அந்தச் சந்துல நாங்க செஞ்சதை வரிசையா சொல்றோம், அப்படியே செய்யுங்க.

முதல்ல எஞ்சினைப் போடாம, இறங்கி நின்னு வண்டியைத் தள்ளிப் பாருங்க. முன்னாடி பத்து அடி, பின்னாடி பத்து அடி. பின்னாடி தள்ள முடியலைன்னா அந்த வண்டி உங்களுக்குப் பாரம். எத்தனை சிசியா இருந்தாலும் சரி.

ரெண்டாவது, ஏறி உக்காந்து சைட் ஸ்டாண்டை எடுத்து விட்டு, திரும்பப் போடுங்க. கால் நுனி ஸ்டாண்டுக்கு எட்டாம தடவுறீங்கன்னா அதையும் மனசுல குறிச்சுக்குங்க.

மூணாவது, மேட்டுல ஏறி நடுவுல நிறுத்துங்க. இடது கால் தரையில, வலது கால் பிரேக்ல. மெதுவா இருபது எண்ணுங்க. தொடை நடுங்குதான்னு பாருங்க. அப்புறம் பின்னாடி உருளாம கிளம்புங்க. இதை அஞ்சு தடவை செய்யுங்க. முதல் தடவை தைரியத்துல முடிஞ்சுடும். அஞ்சாவது தடவைதான் உண்மை தெரியும்.

நாலாவது, இறக்கத்துல நிறுத்துங்க. அப்புறம் சந்துக்குள்ளேயே ஒரு யூ டர்ன். குட்டையானவங்க அதிகமா தடுமாறுறது இந்த மெதுவான திருப்பத்துலதான், வேகத்துல இல்ல.

அஞ்சாவதுதான் முக்கியம். நீங்க நிஜமா சுமக்கப் போற பாரத்தை ஏத்திப் பாருங்க. நாங்க ஒன்றரை லிட்டர் தண்ணி பாட்டில் ஆறு கொண்டு போனோம். மொத்தம் ஒன்பது கிலோ, எங்க பொட்டலங்களும் சாம்பார் பாத்திரமும் சேந்த எடை. அதைப் பின் பெட்டியில உயரமா வச்சப்ப மேட்டுல வண்டி பின்னாடி இழுத்துச்சு, சாஞ்சா நிமித்துறது கஷ்டமாச்சு. அதையே பாதியாப் பிரிச்சு முன் கூடையிலயும் கால் நடுவுலயும் தாழ்வா வச்சப்ப அதே வண்டி, அதே ஒன்பது கிலோ, அடங்கி நின்னுச்சு.

ஓட்டிப் பாக்கப் போறப்ப எந்தச் செருப்போட தினம் ஓட்டுவீங்களோ அதைப் போட்டுகிட்டுப் போங்க. கெட்டி அடிப்பாகம் இருக்குற ஷூ ரெண்டு சென்டிமீட்டர் குடுக்கும், வழுக்காது. கோயிலுக்குப் போற அவசரத்துல ஜப்பான் சிலிப்பர் போட்டுகிட்டு ஓட்டாதீங்க. சேலையும் வேண்டாம், பஞ்சாபி சூட் போடுறதா இருந்தா துப்பட்டாவை வீட்டுலேயே விட்டுடுங்க. ஹெல்மெட்ல சிரிம் முத்திரை இருக்கான்னு பாருங்க. நம்ம நாட்டுல சாலை விபத்துல இறக்குறவங்கள்ல பாதிக்கும் மேல மோட்டார்ல போறவங்க. இதைப் பயமுறுத்தச் சொல்லல. வீட்டுல நமக்காக ஒருத்தர் விளக்கேத்தி வச்சுட்டுக் காத்திருக்காங்க.

சீட்டை வெட்டி உயரத்தைக் குறைக்கலாமான்னு கேப்பீங்க. குஷன் கடையில பஞ்சைச் சீவித் தருவாங்க. சீட்டோட முன்பக்க ஓரங்களைச் சீவினாலே கால் நேரா இறங்கும், உயரத்தை ரொம்பக் குறைக்கத் தேவையில்ல. ஆனா பஞ்சு குறைஞ்சா முதுகு வலிக்கும். அப்சோர்பரை மாத்தி வண்டியையே தாழ்த்துறது வேற விஷயம். வண்டி தாழ்ந்தா சைட் ஸ்டாண்ட் நீளமாத் தெரியும், வண்டி நேரா நிமிந்து நின்னு மறுபக்கம் சாய்ற ஆபத்து வரும். மேடு பள்ளத்துல அடியும் உரசும். அதனால முதல்ல சீட், அப்புறம் ஷூ, அப்புறம் பழக்கம். அதுக்கும் மேல போகணும்னா நல்ல மெக்கானிக்கைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

நாங்க எதை வாங்கினோம்னு சொல்லணுமே. தவுக்கே கடையில இருந்த பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 கப்சாய். 1980கள்ல இருந்து நம்ம நாட்டு ரோட்டுல ஓடுற வண்டி. உங்க அப்பாவோ தாத்தாவோ கண்டிப்பா ஓட்டியிருப்பார். எடை நூறு கிலோ பக்கம், சீட் ஒடுக்கம், கிளச் பிடிக்கிற வேலை இல்ல. பாதி தொகையை நாங்க மூணு பேரும் போட்டோம், பாதியை அங்கிள் குடுத்தார். வேண்டாம்னா கேக்கல.

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது, சந்தோஷமா இருந்துச்சு. கப்சாய்ங்களுக்கெல்லாம் மூத்தது ஜப்பான்ல 1958ல வந்த ஹோண்டா சூப்பர் கப். அதை உருவாக்கினப்ப ஹோண்டா முதலாளி மனசுல வச்சிருந்தது, சோபா நூடல்ஸ் கொண்டு போற கடைப் பையன் ஒரு கையில தட்டைத் தூக்கிகிட்டு மறு கையால ஓட்டணும்ங்கிறதுதானாம். 2017லேயே அந்த வகை வண்டி பத்து கோடி தாண்டிடுச்சு. ஆக, சாப்பாடு கொண்டு போறதுக்குன்னே பிறந்த வண்டிதான் நம்ம கைக்கு வந்திருக்கு. அம்மன் காலடியில வச்ச சாவிக்கு அவளே வழி காட்டினதாத்தான் நாங்க நினைக்கிறோம்.

"உங்களுக்குக் கால் எட்டாது"ன்னு கூட்டத்துல சொன்னாரே, அவர் மேல எங்களுக்குக் கோபம் இல்ல. அக்கறையிலதான் சொன்னார். ஆனா அகத்தியர் கதையை அவரும் கேட்டிருப்பார். சிவன் பார்வதி கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலாயத்துல கூடினப்ப வடக்கு தாழ்ந்து தெற்கு உயந்துச்சு. அதைச் சமன் பண்ணத் தெக்க போகச்சொல்லி ஈசன் தேர்ந்தெடுத்தது குறுமுனியை. அங்க உயரமான முனிவர்ங்க இல்லாமலா இருந்திருப்பாங்க? சமநிலைக்கு உயரம் தேவையில்ல, எங்க நிக்கணும்னு தெரிஞ்சா போதும்.

இப்ப முறை வச்சு ஓட்டுறோம். ஒருத்தங்க ஓட்டுறாங்க, மத்த ரெண்டு பேர் சமையல்கட்டுல. நாலடி பத்து இருக்குறவங்கதான் மேட்டு வீடுங்களுக்குப் போறவங்க, ஏன்னா மேட்டுல நிறுத்துறதுல அவங்கதான் கெட்டி. பன்னெண்டரைக்குள்ள பாட்டி வீட்டுக் கதவைத் தட்டிடறோம். போன வாரம் பாட்டி கேட்டாங்க: "ஏம்மா, இன்னைக்கு ரசத்துல மிளகு கம்மியா?" சோறு சூடா, நேரத்துக்குப் போகுதுன்னா குறை சொல்ல ரசம் மட்டும்தானே மிச்சம்! அடுத்த வெள்ளி மிளகு கூடப் போடறோம் பாட்டி.

உங்கள்ல யாருக்காவது ஆசை இருந்து, "எனக்குக் கால் எட்டாது"ன்னு ஒதுங்கியிருந்தா, சனிக்கிழமை காலையில பூஜை முடிஞ்சதும் கோயில் பின் வாசலுக்கு வாங்க. லைசென்ஸ் இருக்குறவங்க ஓட்டிப் பாக்கலாம், இல்லாதவங்க ஸ்டாண்ட்ல நிறுத்தி உக்காந்து பாக்கலாம். தண்ணி பாட்டில் ஆறும் தயாரா இருக்கு. ஆயுத பூஜைக்கு இன்னும் ரெண்டு மூணு வண்டிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கணும்னு எங்களுக்கு ஆசை, ஏன்னா வீடு பதினாலு இப்ப பதினேழு ஆயிடுச்சு.

தாயே துணை. ஓம் சக்தி.